கிணற்றடிப் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிக் கோடையில் உலர்ந்துவிடும். மழைநீரை நிலத்தின் கீழுள்ள சுண்ணாம்புக்கற் பாறை தன் வெடிப்புகளில் ஏந்தி வைத்திருக்கிறது. கிணறு வெட்டி அதனை எடுத்தே மக்கள் வாழ்கின்றனர். இதனை மாணவர்க்கு நேரிற் காட்ட எண்ணி, ஆவணி மாதத்து ஞாயிறொன்றில் சிலரை அழைத்துக்கொண்டு நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்குச் சென்றோம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாய் நிற்கும் அவ்வதிசயத்தைக் கண்டபின், அயலிலுள்ள உறவினர் வீட்டில் மதிய உணவு உண்டோம்.

அன்றைய மெய்யான பாடம் அவ்வீட்டுக் கிணற்றடியிலேதான் கிடைத்தது. உதவி செய்யும் ஆர்வத்தால் மாணவன் ஒருவன், குசினியிலிருந்த போத்தல் திரவத்தைத் தாராளமாக ஊற்றிக் கோப்பைகளைக் கழுவினான். நுரை ததும்பிய நீரைக் கிணற்றுக்கட்டின் அடியிலே கவிழ்க்கப் போனான். திண்ணையிலிருந்த ஆச்சி பதறி எழுந்தார்.

“மோனை, உதைக் கிணத்தடியிலை ஊத்தாதை! இண்டைக்கு ஊத்துறதைத்தான் நாளைக்கு அள்ளிக் குடிக்கப்போறம்.”

நிலாவரையில் நாம் அரைமணி நேரம் விளக்கியதை ஆச்சி ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மக்களுக்கு நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு தீர்ப்பளித்ததை அப்பொழுது மாணவர்க்கு நினைவூட்டினோம். பெரிய ஆலைக்குப் பொருந்தும் நியாயம் சிறிய குசினிக்கும் பொருந்துமன்றோ?

“அப்படியென்றால் எதனாற் கழுவுவது, ஆச்சி?” என்றான் மாணவன்.

ஆச்சி அவனைக் கையோடு அழைத்துச் சென்று தமது சேமிப்பைக் காட்டினார். கறிக்குக் கரைத்தபின் எஞ்சிய பழப்புளிக் கோது ஒரு சிரட்டையில் இருந்தது. அதனோடு சிறிது சாம்பலைச் சேர்த்துத் தும்பினால் தேய்க்க, கறுத்திருந்த குத்துவிளக்கு பொன்போல் ஒளிர்ந்தது. புளியின் அமிலம் பித்தளையின் களிம்பைக் கரைக்கிறது. சாம்பலின் நுண்துகள் அதனைத் தேய்த்து அகற்றுகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள சட்டிக்குச் சலித்த சாம்பல் மட்டுமே போதும். அதிலுள்ள காரம் கொழுப்பை இளக்கும். ஆனால் அலுமினியப் பாத்திரத்திற்குச் சாம்பல் ஆகாது. காரம் அதனை அரிக்கும்.

குடாநாட்டுக் கிணற்றுநீர் பெரும்பாலும் வன்னீர். கேத்தலின் உள்ளே வெண்கல்லாகப் படிவதும், சவர்க்காரம் எளிதில் நுரைக்காததும் இதனாலேயே. பிழிந்த தேசிக்காய்க் கோதுகளைக் கேத்தலிலிட்டுக் கொதிக்கவைத்துச் சற்று ஊறவிட்டால் அப்படிவு கழன்றுவிடும்.

வளவிற் பனம்பழம் ஒன்று ‘தொப்’பென்று விழுந்தது. அவ்வோசை நம்மை இளமைக்கு இட்டுச் சென்றது. 1990 ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து, பொருளாதாரத் தடையினாற் சவர்க்காரம் அரும்பொருளாயிற்று. அப்பொழுது பள்ளி மாணவராயிருந்த நம் உடுப்புகளை அன்னையார் பனம்பழத்தைப் பிசைந்த நீரிலேதான் தோய்த்தார். அப்பழக்கூழில் சப்போனின் என்னும் நுரைக்கும் பொருள் உண்டு. அதன் கசப்புக்கும் அதுவே காரணம். வெள்ளைச் சட்டையில் மெல்லிய மஞ்சள் ஏறும். வாசனைக்கு மாடு வந்து கொடியிலுள்ளதைச் சப்பும். ஆயினும் பள்ளிக்கு அழுக்கோடு சென்றதில்லை. எஞ்சிய கொட்டைகள் கிழங்குப் பாத்திக்குச் சென்றன.

அந்நாளின் வறுமையை நாம் போற்றவில்லை. அது மீண்டும் வரவேண்டாம். கோதும் சாம்பலும் அழுக்கை அகற்றுமேயன்றி நோய்க்கிருமியை முற்றாகக் கொல்லா என்பதையும் மறத்தலாகாது. நோயாளி இருக்கும் வீட்டில் கொதிநீரும் கிருமிநாசினியும் வேண்டும். கிருமிநாசினியாகப் பயன்படும் வெளிற்றும் தூளோடு புளியையோ தேசிக்காயையோ ஒருபோதும் கலத்தலாகாது, நச்சுவாயு எழும். சீமெந்துத் தரையிலும் புளிப்புநீர் படவிடலாகாது.

மாலையில் விடைபெற்றபோது, அம்மாணவன் வாளியில் எஞ்சிய கழுநீரைச் சுமந்துகொண்டு கிணற்றைக் கடந்து வளவின் கோடியிலுள்ள வாழையடிக்குச் சென்றான்.

“இப்பதான் பிள்ளைக்குக் கிணறு விளங்கியிருக்கு, தம்பி” என்று நம்மை நோக்கிச் சிரித்தார் ஆச்சி.