வரிசையும் விதியும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தென்மேற்கு ஓரத்தில், லங்காட் ஆற்றின் கிளைகளும் மலாக்கா நீரிணையும் சூழ்ந்து கிடக்கும் நிலப்பரப்பு கேரி தீவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு ரப்பர் பயிரிட்ட எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் தோட்டத் துரையின் பெயரையே இன்றளவும் இத்தீவு தாங்கி நிற்கிறது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. துரைமார் போய் நிறுவனங்கள் வந்தன. 2007இல் நாட்டின் மூன்று பெருந்தோட்ட நிறுவனங்கள் ஒன்றாக இணைந்தபோது தீவின் தோட்டங்களும் அந்தப் புதிய குடையின்கீழ்ச் சென்றன. மரச் சிற்பத்திற்குப் பெயர்பெற்ற மா மெரி பழங்குடியினரும், காடழித்துக் கன்று நட்ட தமிழ்த் தொழிலாளரின் வழிவந்தோரும் இங்கே அடுத்தடுத்து வாழ்ந்து வந்துள்ளனர். இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் தொழிலாளிக்கு மாறாத நிலை ஒன்று உண்டு. அவன் குடியிருக்கும் வீடு அவனுடையதன்று என்பதே அது.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டிப் பிறந்தது. வேலை உள்ளவரை வீடு உண்டு. வேலை முடிந்த அன்று வீட்டின் மேலுள்ள உரிமையும் முடிகிறது. பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர் குடியிருந்த வீடுகளும் இத்தகையனவே. ஆயினும் நகரத்து ஊழியர் வெளியேறும்போது வாடகைக்கேனும் வேறு வீடு அருகில் கிடைக்கும். தீவுத் தோட்டத்தில் பிறந்து, அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் பயின்று, அங்கேயே முதுமை எய்தியவருக்குத் தோட்டத்தின் எல்லைக்குள் வேறு வீடு ஏது? பாலத்தைக் கடந்து தெலுக் பங்லிமா காராங்கிலோ பந்திங்கிலோ கிள்ளானிலோ தேடியாக வேண்டும். அத்தேடலில் அவர் இறுதியாக வந்து சேரும் இடம் அரசின் மலிவு விலை வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல்.

பட்டியல் என்பது வெறும் பெயர்களின் அடுக்கு அன்று. யார் முன், யார் பின் என்று தீர்மானிக்கும் விதிகள் அதன் உள்ளே இயங்குகின்றன. விண்ணப்பித்த நாள், குடும்ப வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, இப்போதைய குடியிருப்பின் நிலை ஆகியவற்றுள் எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை அவ்விதிகளே வகுக்கின்றன. ஆகவே, ஒரு விதி மாறுமானால் ஒரு வீடும் கட்டப்படாமலே, ஒருவரும் இடம்பெயராமலே, ஆயிரம் குடும்பங்களின் வருங்காலம் மாறிவிடுகிறது.

மலேசியாவில் இவ்விதிகள் வளர்ந்த வரலாற்றை நோக்குவோம். 1980களின் தொடக்கத்தில் மலிவு விலை வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்றும், அதனைப் பெறும் குடும்பத்தின் மாத வருமானம் 750 வெள்ளிக்கு மேற்படலாகாது என்றும் வகுக்கப்பட்டன. 1998இல் இவ்வேற்பாடு திருத்தப்பட்டது. நிலத்தின் மதிப்பிற்கேற்ப வீட்டின் விலை 25,000 வெள்ளி முதல் 42,000 வெள்ளி வரை நான்கு படிகளாகப் பிரிக்கப்பட்டது. வருமான வரம்பும் 750 வெள்ளியிலிருந்து 1,500 வெள்ளி வரை படிப்படியாக அமைந்தது. விண்ணப்பங்களைக் கணினியில் பதிந்து தேர்ந்தெடுக்கும் திறந்த பதிவு முறையும் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தது. அதே 1998இல், தலைநகரிலும் பிற நகரங்களிலும் புறம்போக்கு நிலங்களில் குடிசை போட்டிருந்தோரை மறுகுடியமர்த்தும் நோக்கத்துடன் மக்கள் வீடமைப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது. மாதம் 124 வெள்ளி வாடகையில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 2005ஆம் ஆண்டிற்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலம் என்னும் இலக்கைச் சிலாங்கூர் தனக்கு வகுத்துக்கொண்டது.

புறம்போக்கு மக்களுக்கு முன்னுரிமை தந்தது அறமற்ற செயலா? அவ்வாறு சொல்ல இயலாது. குழாய்நீரும் மின்சாரமும் இன்றி, ஆற்றங்கரையிலும் இரயில் பாதையோரத்திலும் அல்லற்பட்டவர்கள் அவர்கள். அவர்களில் பலர் தோட்டத் துண்டாடலாலும் வேலையின்மையாலும் தோட்டங்களைவிட்டு நகரம் வந்த தமிழர்களே. எனினும் இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் தம்பி இருவரை எண்ணிப் பார்க்கலாம். அண்ணன் இளமையிலேயே தோட்டத்தைவிட்டுக் கிள்ளான் அருகே புறம்போக்கில் குடிசை போட்டான். தம்பி தோட்டத்திலேயே தங்கி, முறையாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். குடிசை உடைக்கப்படும் நாளில் அண்ணனுக்கு வீடு கிடைக்கிறது. தம்பியின் விண்ணப்பம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏன்? “இப்போது எங்கே குடியிருக்கிறீர்?” என்னும் கேள்விக்கு அவன் எழுதிய விடை, “தோட்டத்து வீடு” என்பது. தலைக்கு மேல் கூரை உள்ளவன் என்றே பட்டியல் அவனைக் கணக்கிட்டது. அக்கூரை அவனது ஓய்வு வயதோடு கழன்றுவிடும் என்பதைக் கேட்க அப்படிவத்தில் கட்டம் இல்லை. அடையாள அட்டை சிவப்பாக இருந்தவர்க்கோ, குடிமக்களுக்கே உரிய அப்பட்டியலில் பெயர் எழுதும் வாய்ப்பும் இல்லை.

காத்திருப்பு ஒருவருக்குத் தகுதியைச் சேர்க்கும் என்றே பொதுவாக எண்ணுகிறோம். உண்மை அதற்கு நேர்மாறாகவும் அமையக்கூடும். பிள்ளைகள் பலர் உள்ள குடும்பத்திற்கு முதலிடம் என்று விதி வந்தால், விண்ணப்பித்தபோது மடியில் இருந்த பிள்ளைகள், காத்திருந்த காலத்தில் வளர்ந்து ஆளாகிவிடுகின்றனர். தந்தையின் புள்ளி குறைகிறது. வளர்ந்த மகன் தொழிற்சாலை வேலைக்குச் செல்லத் தொடங்கியதும் அவன் சம்பளம் குடும்ப வருமானத்தோடு கூட்டப்படுகிறது, வரம்பு மீறப்படுகிறது. வயதோ எவருக்கும் காத்திருப்பதில்லை. ஐம்பத்தைந்தை நெருங்கியவருக்கு நீண்டகாலக் கடன் தர வங்கி தயங்கும். முறை வந்து கடிதம் வரும்போது வாங்கும் வலிமை போயிருக்கும். ஆகவே அவருக்குக் காலம் வெறுமனே கழிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அவருடைய தகுதியில் ஒரு பங்கை அரித்துக்கொண்டே போகிறது.

வருமான வரம்பின் கதை இன்னும் வியப்பானது. விதி மாறுவதால் மட்டுமன்று, விதி மாறாமல் நிற்பதாலும் கேடு விளையும் என்பதற்கு அது சான்று. மக்கள் வீடமைப்புத் திட்டத்திற்குப் பல ஆண்டுகள் வழங்கிய வரம்பு, குடும்ப வருமானம் மாதம் 3,000 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்ப மலேசியாவில் ஒருவருக்குரிய தொகை 900 வெள்ளி. கணவன் மனைவி இருவரும் உழைத்தால் 1,800. 2022 மே மாதத்தில் அத்தொகை 1,500 ஆயிற்று. இருவர்க்கும் சேர்த்துச் சரியாக 3,000. 2025 பிப்ரவரியில் 1,700 ஆயிற்று. இருவர் சம்பளம் 3,400. நாட்டின் மிகக் குறைந்த ஊதியத்தைப் பெறும் இருவர், 3,000 வெள்ளி வரம்பின்முன் ‘வசதி உள்ளோர்’ ஆகிவிடுகின்றனர்! வலக்கையால் வழங்கும் ஊதிய உயர்வை இடக்கையிலுள்ள பட்டியல் தண்டனையாக மாற்றிவிடலாகாது. ஊதியம் உயரும்போதெல்லாம் வரம்பும் உடன் உயர்வதே முறை.

இனி, கேரி தீவுக்கே உரிய இக்கட்டு ஒன்று உண்டு. 1990களில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது பெராங் பெசார் முதலிய நான்கு தோட்டங்கள் மறைந்தன. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. அவ்வீடுகளின் சுவர்களில் வெடிப்புகள் தோன்றியதும், மக்கள் நெடுங்காலம் முறையிட்டதும் நாடறிந்த செய்திகள். எனினும் தோட்டம் முழுதும் ஒரே நாளில் அழிந்ததால், அம்மக்கள் ஒரு கூட்டமாக நின்று பேச முடிந்தது. தொழிற்சங்கமும் செய்தித்தாளும் சட்டமன்றமும் அவர்கள் பக்கம் திரும்பின. கேரி தீவு அவ்வாறு ஒரே நாளில் அழியவில்லை. செம்பனை இன்றும் காய்த்துக் குலுங்குகிறது. அங்கே தொழிலாளர் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகின்றனர். ஒவ்வொருவராகவே பாலத்தைக் கடக்கின்றனர். ஒரு லோரியில் கட்டிலும் அண்டா குண்டாவும் ஏறுகின்றன. செய்தியாளர் எவரும் வருவதில்லை. கூட்டமாக இழந்தவர்க்கு முன்னுரிமை உண்டு. தனித்தனியே இழப்பவர்க்கு அது இல்லை. விதிகளின் கண்ணில் படாத துயரம் இதுவே.

இச்சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் 1969இல் கலிங்வொர்த் குழு தன் அறிக்கையில், ஊரில் பல்லாண்டு குடியிருந்தவர்க்கே பட்டியலில் இடம் என்னும் கட்டுப்பாட்டைக் குறை கூறியது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் வீடற்றோரைக் காக்கும் கடமையை ஊராட்சிகளின்மேல் வைத்தது. தேவை முன்னே வந்தது. காத்திருப்பு பின்னே சென்றது. கிழக்கு இலண்டனில் தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் தங்களுக்கு வீடு கிடைக்காமற்போக, புதிதாக வந்த வங்காளதேச மக்கள்மீது மனக்கசப்புற்றனர் என்பதை 2006இல் வெளிவந்த ஆய்வு நூல் ஒன்று விரிவாகக் காட்டியது. விதியை வகுத்தவர் வேறிடத்தில் இருக்க, விதியால் பிரிக்கப்பட்ட ஏழைகள் இருவர் ஒருவரையொருவர் பகைத்தனர். ஹாங்காங்கில் 2005இல், தனித்து வாழும் முதியோரல்லாத விண்ணப்பதாரர்களுக்கு ஆண்டு ஒதுக்கீடும் புள்ளி முறையும் கொண்டுவரப்பட்டன. அங்கே வயது ஏற ஏறப் புள்ளி கூடும். முதியவருக்கு அது நிழல். நெருக்கடியான அறையில் வாழும் இளைஞனுக்கோ தொலைவில் உள்ள மலை. எந்த விதியும் ஒருவரை உயர்த்தும்போது மற்றொருவரைத் தாழ்த்தவே செய்யும்.

அப்படியாயின் விதிகளை மாற்றவே கூடாதா? மாற்றலாம், மாற்றவும் வேண்டும். மாற்றும் முறையிலேதான் நேர்மை இருக்கிறது. இதற்குத் தமிழர் வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை மாணவர் அறிவர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இல், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வழியாகத் தேர்ந்தெடுக்கும் விதிகள் வகுக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகள் கழித்து, 921இல், அவ்விதிகள் திருத்தப்பட்டன. முப்பது முதல் அறுபது வரை என்றிருந்த வயது வரம்பு, முப்பத்தைந்து முதல் எழுபது வரை என்று மாறியது. சொந்த மனையில் வீடு கட்டியிருப்பவரே தகுதியுடையவர் என்னும் விதியும் அவற்றுள் உண்டு. வீடற்றவனுக்கு அந்த அவையில் இடமில்லை. அக்குறை இருக்க, நாம் கற்க வேண்டியது ஒன்று உளது. பழைய விதியும் கல்லில் இருக்கிறது. புதிய விதியும் கல்லில் இருக்கிறது. எந்த ஆண்டில் எது மாறியது என்பதை ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரும் சுவரைப் பார்த்தே படிக்க முடிகிறது. இன்று விண்ணப்பித்தவரோ தம்மைப் பின்னுக்குத் தள்ளிய விதி எது, எந்நாளில் வந்தது என்பதை அறிய முகப்பிலிருந்து முகப்பிற்கு அலைகிறார்.

ஆகவே வேண்டுவன மூன்று. முதலாவது, முன்னுரிமை விதி மாறும்போது அது நாளிட்டு, மக்களுக்கு விளங்கும் மொழிகளில் வெளியிடப்பெற வேண்டும். பட்டியலில் உள்ள ஒவ்வொருவர்க்கும் அவருடைய புதிய இடம் தெரிவிக்கப்பெற வேண்டும். இரண்டாவது, முன்னைய விதியை நம்பிக் காத்திருந்த ஆண்டுகள் புதிய விதியிலும் எண்ணப்பெற வேண்டும். பிள்ளைகளின் தொகையும் வயதும் விண்ணப்பித்த நாளில் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே கொள்ளப்பெற வேண்டும். மூன்றாவது, வேலையோடு போய்விடும் வீட்டை வீடாகக் கருதலாகாது. ஓய்வுக்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே தோட்டத் தொழிலாளியை வீடு இழக்கப் போகிறவராகக் கணக்கிட வேண்டும். இவை சலுகைகள் அல்ல. தேவை என்னும் நீதியையும் காத்திருப்பு என்னும் நீதியையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தும் முயற்சி இது. நடுவுநிலைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளைப் பயில்வோர்க்கு இக்கருத்து புதியதன்று.

இதில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு. தோட்டங்களில் கடிதம் எழுதவும் அரசுப் படிவம் நிரப்பவும் மக்கள் பள்ளி ஆசிரியரை நாடிய காலம் நெடியது. எழுத்தறிவு பரவிய பின்னும் விதியறிவு பரவவில்லை. விண்ணப்பத்தின் நகலைக் காத்து வைத்தல், ஆண்டுதோறும் விவரங்களைப் புதுப்பித்தல், முகவரி மாறினால் அறிவித்தல், மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டல் ஆகியவை சிறிய செயல்களே. ஆனால் இவை தவறியதால் பின்தங்கிய விண்ணப்பத்தை மீண்டும் முன்னே கொணர்வது பெரும்பாடு. வகுப்பில் விண்ணப்பக் கடிதம் எழுதப் பயிற்றும் ஆசிரியர், விடுமுறை விண்ணப்பத்தோடு நில்லாமல், வீட்டுக்கான விண்ணப்பம் ஒன்றையும் எழுதச் செய்யலாம். அன்று மாலையே ஒரு மாணவன், தன் தாத்தாவின் பழைய கோப்பைத் திறந்து, அதிலுள்ள பதிவெண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்குவான்.