நெடுந்தீவின் பழைய வீடுகளிலே

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாகப் புங்குடுதீவை அடைந்து, அதன் மேற்குக் கரையிலுள்ள குறிகட்டுவான் துறையிலே படகேறினால், ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடற்பயணத்தின் பின் நெடுந்தீவு எம்மை வரவேற்கும். முதலில் பனைகளின் கருமையான வரிசை. பின்னர் வெண்மணற் கரை. கரையேறியதும் இருமருங்கும் சாந்து பூசாது அடுக்கப்பெற்ற பவளக்கல் வேலிகள். ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாடுகளையும், புறாக்கூட்டையும், பெருக்கமரத்தையும், வெளிகளிலே கட்டுக்காவலின்றித் திரியும் குதிரைகளையும் கண்டு மீள்வதே இங்கு வருவோரின் வழக்கம்.

ஆயின் இத்தீவை அறிய விரும்புவோர், அதன் பழைய வீடொன்றிலே ஓரிரவாவது தங்குதல் வேண்டும். கல்லும் சுண்ணாம்பும் கொண்டெழுப்பிய தடித்த சுவர்கள், பனஞ்சலாகை தாங்கும் ஓட்டுக்கூரை, காற்றுக்கு வழிவிட்ட அகன்ற விறாந்தை என்பன நண்பகல் வெயிலிலும் உள்ளத்தைக் குளிர்விக்கும். இத்தகைய வீடுகளிற் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. 1980களின் பின்னர் போரின் காரணமாகக் குடும்பங்கள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் பெயர்ந்தன. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து கதவைத் திறக்கின்றனர். சிலந்தி வலையைத் துடைக்கின்றனர். பின்னர், மறு எண்ணமின்றி மெயின் சுவிச்சைப் போடுகின்றனர். அந்த ஒரு கணத்தைப் பற்றியே யாம் இங்கு எழுதத் துணிந்தோம்.

நாம் தங்கிய வீட்டின் விறாந்தைச் சுவரிலும் அத்தகைய பழைய மின்பலகை ஒன்று இருந்தது. மரப்பலகை, அதன்மேல் துருவேறிய இரும்புப் பெட்டியிலே மெயின் சுவிச், பக்கத்தில் மூன்று பீங்கான் பியூஸ்கள். அவற்றுள் ஒன்றைச் சூழ்ந்து மரம் கருகியிருந்தது. வீட்டைப் பார்த்துவந்த முதிய அம்மையாரிடம் அதுபற்றி வினவினோம்.

"அதோ தம்பி? அடிக்கடி எரிஞ்சு போகுது எண்டு தடிச்ச கம்பி போடுவிச்சனான். அதுக்குப் பிறகு ஒரு கரைச்சலும் இல்லை" என்றார் அவர்.

மறுநாள் அழைக்கப்பெற்ற மின்தொழிலாளர் அதனைக் கேட்டு நகைத்தார். "ஆச்சி, பியூஸ் எரியாட்டில் வேறை ஏதோ எரியப்போகுது எண்டுதான் அர்த்தம்."

இவ்வொரு வாக்கியத்தினுள் உருகியின் இலக்கணம் முழுவதும் அடங்கியுள்ளது. பாடநூல்கள் உருகி என்று கூறும் பியூஸ், மின்சுற்றின் மிக மெலிந்த உறுப்பாக வேண்டுமென்றே அமைக்கப்பட்டது. 5 அம்பியர் உருகியின் கம்பி, பிரித்தானிய நியமப்படி 0.2 மில்லிமீற்றர் தடிப்புடையது. 15 அம்பியருக்குரியதோ 0.5 மில்லிமீற்றர். மின்குமிழ்களுக்கான சுற்றிலே 15 அம்பியர்க் கம்பியைக் கட்டினால், மெல்லிய வயரினூடே மும்மடங்கு மின்னோட்டம் தடையின்றிப் பாயலாம். வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. ஆகவே அது ஒன்பது மடங்காகும். உருகி தன் கடமையைச் செய்யாதவிடத்து, கூரைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாது செல்லும் வயரே உருகியாகிவிடும்.

பழைய பலகை எங்கும் ஆபத்தானதே. நெடுந்தீவிலோ அவ்வாபத்தை வளர்ப்பன இரண்டு உள.

முதலாவது கடற்காற்று. அது சுமந்து வரும் உப்பு, பலகையிலும் முனைகளிலும் படிந்து ஈரத்தை உறிஞ்சுகின்றது. செம்பிலே பச்சைக் களிம்பு பிடிக்கின்றது. திருகாணிகள் துருவேறித் தளர்கின்றன. தளர்ந்த இணைப்பிலே தடை கூடும். தடை கூடிய இடம் சூடேறும். சூடேறிய இணைப்பு மேலுந் தளரும். ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்த வீட்டிலே இதனைக் கவனிப்பார் யாருமிலர். பெட்டியினுள்ளே பல்லியும் எறும்பும் குடியேறுதலும், எலி வயரைக் கடித்தலும் இதனோடு சேர்ந்துகொள்ளும்.

இரண்டாவது நிலம். தீவின் மண் ஆழமற்றது; அதன் கீழே சுண்ணக்கற் பாறை. புவித்தொடுப்புக்காக நாட்டும் செம்புக் கோல் ஆழமாக இறங்குவதில்லை. வரட்சிக் காலத்திலே மண் காய்ந்தால் அத்தொடுப்பின் தடை மிக உயரும். அதனை 50 ஓம் என்று கொள்வோம். நீரிறைக்கும் மோட்டாரின் உடலிலே மின்கசிவு ஏற்படின், 230 வோல்ற்றை 50 ஆல் வகுக்க 4.6 அம்பியரே பாயும். 5 அம்பியர் உருகிகூட அதற்கு எரியாது. மோட்டார் மின்னேறியபடியே கிடக்கும்; ஈரக்கையுடன் அதனைத் தொடுபவரின் உயிருக்கு எவ்விதக் காவலுமில்லை. 30 மில்லி அம்பியர் கசிந்தவுடனே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் பழைய பலகைகளிலே இல்லாமை, மற்றெல்லாக் குறைகளினும் பெருங்குறையாகும்.

ஆபத்தான பலகையை எவ்வாறு இனங்காணலாம்? எதனையுந் திறவாது, கண்ணாலும் காதாலும் மூக்காலுமே பெரும்பாலும் அறியலாம். பலகையோ சுவரோ கருகியிருத்தல், பீங்கான் வெடித்திருத்தல், மீன்நாற்றம் போன்ற, அன்றேல் றப்பர் எரியும் நெடி வீசுதல், சீறலோ இரைச்சலோ கேட்டல், மோட்டாரை இயக்கும்போது விளக்குகள் மிக மங்குதல், குழாயையோ குளிர்சாதனப் பெட்டியையோ தொடும்போது கை சிலிர்த்தல் என்பன யாவும் எச்சரிக்கைகளே. துணியுறையும் றப்பருங் கொண்ட பழைய வயர்கள் தென்படின், அவை காய்ந்து உதிரும் பருவத்தை எய்தியிருத்தல் கூடும்.

மற்றொன்று கண்ணுக்குத் தோற்றாதது. பழைய பலகைகள் சிலவற்றில் மின்வரும் கம்பிக்கு மட்டுமன்றி, மின்மீளும் நடுநிலைக் கம்பிக்கும் உருகி வைத்திருப்பர். நடுநிலையின் உருகி எரிந்தால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் விளக்குத்தாங்கி வரை மின் வந்தே நிற்கும். விளக்கு அணைந்தமையால் மின் இல்லையென நம்பிக் கைவைத்தல் கூடாது.

இவ்வறிகுறிகளுள் ஒன்றைக் கண்டாலும், மெயின் சுவிச்சைப் பாதுகாப்பாக எட்ட முடியுமாயின் அதனை அணைத்துவிட்டு, தகுதிபெற்ற மின்தொழிலாளரை அழைப்பதே முறை. பெட்டியே சூடாகவோ ஈரமாகவோ இருப்பின் அதனையுந் தொடலாகாது. மின் வழங்குவோருக்கு அறிவித்தல் வேண்டும். புதிய ட்ரிப் சுவிச் பொருத்திய பின்னர், அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்த்தல் நன்று. நகரிலே தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வீதிவழி வந்துசேரும். நெடுந்தீவுக்கோ யாழ்ப்பாணத்திலிருந்து வீதியே இல்லை. மின்தாக்குண்டவரைப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வதற்கும் கடலையே கடத்தல் வேண்டும்.

ஊருக்கு வரும் கனடிய அன்பர்களும் தம் அங்குள்ள இல்லங்களை ஒருமுறை நினைத்துக்கொள்வார்களாக. வட அமெரிக்காவிலே 1950கள் முதல் 1980கள் வரை ஏராளமான வீடுகளிற் பொருத்தப்பெற்ற பெடரல் பசிபிக் நிறுவனத்தின் 'ஸ்டாப் லொக்' பலகைகளில், மிகை மின்னோட்டம் பாய்ந்தும் சில துண்டிப்பான்கள் விழாதிருந்தமை சோதனைகளிலே புலப்பட்டது. அங்கே விழாத துண்டிப்பான். இங்கே எரியாத பியூஸ். நோய் ஒன்றே.

நெடுந்தீவு நாட்டின் பெருமின்வலையோடு இணையாதது. நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களே இங்கு மின்னைப் பிறப்பித்து வந்தன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின் பிறப்பிக்கும் திட்டத்துக்கு 2024ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் கொழும்பிலே ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1,700 கிலோவாற்று சூரிய மின்னும் 530 கிலோவாற்று காற்று மின்னும் அதன் அளவு. செலவுக்கு இந்திய அரசு 1 கோடியே 10 இலட்சம் டொலரை நன்கொடையாக அளிக்க முன்வந்தது. வரவேற்கத்தக்க முயற்சி இது. எனினும், மின் எவ்வழி வரினும் வீட்டினுள்ளே நுழைவது இந்தப் பழைய பலகையின் வழியாகவேயாம். குளிர்சாதனப் பெட்டியும் மோட்டாரும் மின்னடுப்பும் பெருகப் பெருக, இரண்டு விளக்குக்கென அமைத்த பலகையின் சுமையும் பெருகும்.

நாம் புறப்படு முன்னரே அவ்வீட்டின் மரப்பலகை அகற்றப்பட்டது. அம்மையாருக்கு அதிலே சிறிது வருத்தமே. தம் கணவர் கையால் அடித்த ஆணிகள் அதில் இருந்தனவாம். பலகையைத் துடைத்து விறாந்தை மூலையிலே சாத்தி வைத்தார். நினைவுப் பொருளாக அது அங்கே இருப்பதில் யாதொரு தீங்குமில்லை. அதனூடாக மின் ஓடாதிருந்தாற் போதும்.