வீண்பழி வந்தால்...



களவு என்றோ கடன் என்றோ ஒருவன்மீது பழி வந்தால் அவன் நாலு பேர் முன்னால் நின்று பேசுவான். பெண்ணொருத்தியைப் பலாத்காரம் செய்தான் என்று பழி வந்தால் நாக்கு எழாது. குற்றம் செய்யாதவனும் ஊரைவிட்டு ஓடவே பார்ப்பான். பேச வெட்கப்படும் விடயம்தான். ஆனால் பேசாமல் இருப்பதால் அழியும் குடும்பங்களைச் சப்ரகமுவத் தோட்டப்புறங்களில் படிப்பிக்கும் நான் அறிவேன். அதனாலேயே எழுதுகிறேன்.

இந்தப் பழியைச் சுமந்த நபியொருவரின் வரலாறு அல்குர்ஆனிலேயே உண்டு. சூரா யூஸுஃபைப் பாருங்கள். அஸீஸின் மனைவி பழியைத் தன்மீது போட்டபோது யூஸுஃப் (அலை) அவர்கள் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். அவளைத் தூற்றவில்லை. அவ்வீட்டாரில் ஒருவர் சட்டையைப் பார்க்கச் சொன்னார். அது பின்புறம் கிழிந்திருந்தது. வாய்ச்சண்டை தீர்க்காததைத் தடயம் தீர்த்தது. அப்படியிருந்தும் சிறைவாசம் அவர்களுக்கு வந்தது. ஆண்டுகள் கழித்து அரசன் அழைத்தபோதோ, தம் விவகாரம் விசாரிக்கப்படும்வரை அவர்கள் வெளியே வரவில்லை. விடுதலையைவிட மானம் துலங்குவதே அவர்களுக்குப் பெரிதாக இருந்தது.

இன்னொரு சம்பவம் அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் உள்ளது. அறிவிப்பவர் வாயில் இப்னு ஹுஜ்ர் (ரழி) அவர்கள். தொழுகைக்காகப் புறப்பட்ட ஒரு பெண்ணை ஒருவன் வழிமறித்துப் பலாத்காரம் செய்துவிட்டு ஓடினான். அவ்வழியாக வந்த வேறொருவரை அவள் சுட்டிக்காட்ட, மக்கள் அவரைப் பிடித்து நபி (ஸல்) அவர்களிடம் கொண்டுவந்தார்கள். இவர்தான் என்று அவளும் சொன்னாள். தண்டனை நெருங்கிய வேளையில் உண்மைக் குற்றவாளி எழுந்து நின்று ஒப்புக்கொண்டான். நபியவர்கள் அந்தப் பெண்ணை, அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்று ஆறுதல் கூறி அனுப்பினார்கள். வீணாகப் பிடிபட்டவரிடமும் நல்வார்த்தை பேசினார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை, ஆளைத்தான் தவறவிட்டாள். அவளுக்கு நேர்ந்த கொடுமையும் உண்மை, அந்த மனிதரின் நிரபராதமும் உண்மை. அவளிடம் நான்கு சாட்சிகளும் கேட்கப்படவில்லை. சூரா நூரில் வரும் நான்கு சாட்சிச் சட்டம், கற்புள்ள பெண்கள்மீது அவதூறு பேசுவோரின் வாயைக் கட்டுவதற்கு வந்தது. பாதிக்கப்பட்டவளின் வாயை அடைக்க அதை எடுப்பது முறையல்ல.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவையில் ஐந்து வயதுச் சிறுமியொருத்தி பாலியல் வன்முறைக்குப் பின் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. பதினேழு வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனும் இன்னொருவரும் கைதானார்கள், மரபணு பொருந்தவில்லை. பிறகு மூன்றாமவர் ஒருவர் பிடிபட்டார்; அவர் ஒப்புக்கொண்டுவிட்டதாகவே செய்திகள் வந்தன. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரரின் மரபணு. 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அந்தச் சகோதரருக்கு மரணதண்டனை விதித்தது. அன்று சட்டை சொன்ன சாட்சியத்தை இன்று ஆய்வுகூடம் சொன்னது.

நானறிந்த ஒரு சம்பவத்தையும் சொல்கிறேன். இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில் லயம் லயமாகப் போய்த் தவணைக்குத் துணி விற்ற நம் பிள்ளையொருவன். மாலை மங்கிய நேரத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு அநியாயம் நடந்துவிட்டது. சந்தேகம் இவன்மேல் விழுந்தது. இஷாவுக்குப் பின் அவனுடைய வாப்பா வந்து, "மௌலவி, இவன கொழும்புக்கு அனுப்பிடட்டா?" என்று அழுதார். உறவினர்களோ அந்தப் பிள்ளையின் நடத்தையைப் பற்றிக் கதை சேர்க்கத் தொடங்கியிருந்தார்கள். "ஓடினா செய்யாத குத்தத்த ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். அந்தப் புள்ளயப் பத்தி ஒரு சொல்லும் பேசாதீங்க. அவன் அந்த நேரம் எங்க இருந்தான்னு மட்டும் தேடுங்க" என்றேன்.

தேடியபோது கடன் கொப்பி கிடைத்தது. அன்று மாலை வேறொரு டிவிஷனில் துணி கொடுத்து வாங்கிய கையொப்பம் அதில் இருந்தது. சிங்கள முதலாளி ஒருவர், அன்று பொழுதுபடும் நேரம் அவன் தன் தேநீர்க் கடையில் இருந்தான் என்று வாக்குமூலம் கொடுத்தார். அடையாள அணிவகுப்பில் அந்தப் பிள்ளையே இவனில்லை என்றாள். அதற்குள் மூன்று வாரம் விளக்கமறியலில் கழிந்திருந்தது. வெளியே வந்த பிறகும் லயத்துக் கதவுகள் அவனுக்குத் திறக்கவில்லை, வியாபாரத்தை விட்டுவிட்டான். அந்தப் பிள்ளைக்காவது நியாயம் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. செய்தவன் அகப்படவேயில்லை.

எனவே, இப்படியொரு பழி வந்தால் ஓடாதீர்கள். ஓடியவனுக்குப் பிணை கிடைப்பதும் கடினம். குற்றம் நிரூபிக்கப்படும்வரை நீங்கள் நிரபராதி என்று அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை சொல்கிறது. உடனே சட்டத்தரணியை நாடுங்கள். வசதியில்லாதோர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். அன்று அணிந்த உடை, பற்றுச்சீட்டு, பஸ் டிக்கட், தொலைபேசிப் பதிவு எதையும் அழிக்காதீர்கள். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கும் மரபணுச் சோதனைக்கும் அஞ்சாதீர்கள். நாள் போகப் போகத் தடயம் மறையும்.

முறைப்பாடு செய்தவளின் வீட்டுக்குத் தூது அனுப்பாதீர்கள். பணம் கொடுத்துச் சமாதானம் பேசுவதும், நிக்காஹ் செய்து முடிப்போம் என்பதும் நிரபராதியைக் குற்றவாளியாகக் காட்டும். சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் அச்சுறுத்துவது 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டப்படி தனிக் குற்றம். அவள் பெயரை வெளியிடுவதையும் தண்டனைச் சட்டக்கோவை தடுக்கிறது. வேண்டுமென்றே பொய்க் குற்றம் சாட்டுவோருக்கும் சட்டத்தில் தண்டனை உண்டு. ஆனால் ஒருவர் விடுதலையானார் என்பதற்காகவே முறைப்பாடு பொய்யென்று ஆகிவிடாது.

ஜமாஅத்தாருக்கும் தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். பல மதத்தவரும் ஒரே லயத்தில் வாழும் இடங்கள் இவை. ஒரு முறைப்பாட்டைச் சமூகச் சண்டையாக்க ஒரு இரவு போதும். "நம்ம பையன் செய்ய மாட்டான்" என்றும், "அவனுங்க இப்படித்தான்" என்றும் தீர்ப்புச் சொல்லும் வேலை நமக்கில்லை. நேர்மையான விசாரணை நடக்க இடம் விடுவதே நம் வேலை. பாதிக்கப்பட்ட பெண்ணைக் காப்பாற்றுவதும் அதுதான். பழி சுமந்த நிரபராதியைக் காப்பாற்றுவதும் அதுதான்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பழிச் சொல்லிலிருந்தும், நம் பிள்ளைகளை வீண்பழியிலிருந்தும், நம் பெண்களை அநியாயக்காரர்களிடமிருந்தும் காப்பானாக! ஆமீன்.