வறுமையும் வாயிற்கதவும்

பொருளின் பெருமையைப் பொருளுடையார் எடுத்துரைக்கக் கேட்டிருக்கின்றோம். அவரினும் அதனை நன்கறிந்தவர் கையிற் காசில்லாதவரே. நோயற்றவன் தன் பல்லை நினைப்பதில்லை. பல்வலி கொண்டவனோ இராமுழுதும் அதனையன்றிப் பிறிதொன்றை நினையான். காசின் இயல்பும் அத்தகையதே. 2024-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்களில் பதினெட்டு நாள் யாம் ஏறக்குறைய வெறுங்கையுடன் காலங்கழிக்க நேர்ந்தது. அந்நாள்களில் எம் வயிறு கற்ற பாடம் சிறிது. மனம் கற்ற பாடம் பெரிது. அவ்விரண்டையும் மறையாது ஈண்டு உரைக்க விழைகின்றோம்.

எம் தந்தையார் தூத்துக்குடியை அடுத்த உப்பளம் ஒன்றில் நாட்கூலிக்கு உப்பு வாருபவர். உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலிற் காயவைத்து, விளைந்த உப்பை வாரிக் கரையில் அம்பாரமாகக் குவிப்பது அத்தொழில். வெயிலே அதற்கு முதலாதலின், ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் அளங்களில் வேலையிராது. தை பிறந்தபின் பாத்திகளைச் செப்பனிடத் தொடங்குவர். இடைப்பட்ட திங்கள்களுக்கு வேண்டுவதைக் கோடைக் கூலியிலிருந்தே ஒதுக்கிவைத்தல் எம் போன்ற குடும்பங்களின் வழக்கம். இவ்வொழுங்கை 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களிற் பெய்த பெருமழை குலைத்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரு நாளைக்குள் 95 செ.மீ. மழை பெய்தமையை அன்பர் பலரும் அறிவர். எம் தந்தையார் வேலை செய்த அளத்தில் வெள்ளம் கரைகளை உடைத்தது. பாத்திகளைச் சேற்றால் மூடிற்று. குவித்திருந்த உப்போ தான் வந்த நீரிலேயே மீண்டும் கரைந்து போயிற்று. நிவாரணமாக அரசு அளித்த 6,000 ரூபாய் எம் வீட்டுக் கூரைக்கும் பழைய கடனுக்குமே போதவில்லை. தையில் தொடங்கற்பாலதாகிய வேலை மாசி பிறப்பளவும் தொடங்கவில்லை.

"அடுத்த வாரம் அனுப்புகிறேன், ஐயா" என்று தந்தையார் தொலைபேசியிற் கூறினார். அவர் குரலைக் கேட்ட அளவிலேயே அடுத்த வாரமும் பணம் வாராது என்பதை உணர்ந்தோம். "எனக்கு இப்பொழுது ஒன்றும் வேண்டாம், அப்பா, கையில் இருக்கிறது" என்று விடையிறுத்தோம். அது பொய். ஆயினும் மகன் தந்தைக்குச் சொல்லத்தகும் பொய் எனக் கருதி, அதனைப் பற்றி உள்ளூரப் பெருமையும் கொண்டோம்.

அன்று பெப்ரவரி 10. திருநெல்வேலிச் சந்திப்பை அடுத்த தெரு ஒன்றில் மாடியறையில் தனியே தங்கிச் சமைத்துண்டு, பாளையங்கோட்டையிலுள்ள கல்லூரிக்குச் சென்றுவந்தோம். அவ்விரவு எம் உடைமைகளை எண்ணினோம். சட்டைப்பையில் 23 ரூபாய் இருந்தது. அன்னையார் கொடுத்தனுப்பிய நியாயவிலைக் கடை அரிசி ஐந்து உழக்கும், தந்தையார் ஒரு பையில் கட்டித்தந்த உப்பு மூன்று படியும் இருந்தன. வங்கிக் கணக்கில் 71 ரூபாய் இருந்தது, ஆனால் ஏ.டி.எம். பொறி 100 ரூபாய்க்குக் குறைந்து வழங்குவதில்லை. கைப்பேசிக் கட்டணம் முடிந்துவிட்டமையின் அதன் வழியே செலுத்தவும் இயலவில்லை. வங்கிக்கே சென்று கேட்டிருந்தால் 71 ரூபாயையும் எண்ணிக் கொடுத்திருப்பர். அவ்வளவு சிறு தொகையை எழுதிக் கேட்க நாணினோம். எம்முடைய பணத்தை யாமே கேட்க நாணிய அந்தப் பேதைமையை நினைந்து இன்று நகைக்கின்றோம்.

காசின்றி வாழ்தல் ஒரு கலை. அதனைப் பசியே கற்பிக்கின்றது. 2013-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிப் பிற மாநகராட்சிகளிலும் பரவிய அம்மா உணவகத்தில் ஓர் இட்டிலி ஒரு ரூபாய். காலைக்கு மூன்று இட்டிலி என்று கணக்கிட்டோம். அவ்வாறு ஏழு நாள் கழிந்தன. இரவில் ஒரு பிடி அரிசியை ஊறவைத்து, நொறுங்க இடித்துக் கஞ்சி காய்ச்சினோம். முழு அரிசியினும் நொய்யரிசி நீரை மிகுதியாக ஏற்றுக் குழையுமாதலின், சிறு பிடியும் கலம் நிறையக் காட்சியளிக்கும். கண் நிறைந்தால் வயிறும் ஓரளவு நம்பிவிடுகின்றது. தெருமுனையில் நின்ற முருங்கை யாவர்க்கும் பொது. நண்பகற் பசி ஒரு மணிவரை கடிந்து கேட்கும். பின்னர்ச் சலித்து உறங்கிவிடும். மாலையில் அது மீண்டும் எழுங்கால் நூலகத்தில் இருத்தல் நலம். ஆங்கு விளக்கும் விசிறியும் எவரிடமும் கட்டணம் கேளா. வறுமையால் எமக்கு விளைந்த ஒரே ஊதியம், அத்திங்களில் யாம் பயின்ற நூல்களின் தொகையே!

பேருந்தை விடுத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் நடந்தே கல்லூரிக்குச் சென்றோம். தாமிரவருணியின் மேலுள்ள சுலோசன முதலியார் பாலத்தைக் காலையும் மாலையும் கடத்தல் வேண்டும். 1843-இல் திறக்கப்பெற்ற அப்பாலத்தைச் சுலோசன முதலியார் என்னும் அரசு அலுவலர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டுவித்தார். வெறுங்கையன் ஒருவன் கடக்குங்காலும் அப்பாலம் அவனை யாரென்று வினவுவதில்லை. பேருந்திற் சென்ற நாள்களில் அதனை யாம் கண்டதே இல்லை. நடந்த நாள்களில் அதன் ஒவ்வொரு வளைவையும் அறிந்தோம்.

இவையெல்லாம் வயிற்றின் செய்திகள். இவற்றைப் பொறுத்தல் அரிதன்று. பொறுத்தற்கரியது மறைத்தலே. இடைவேளையில் நண்பர்கள் தேநீர்க் கடைக்கு அழைப்பர். ஒரு நாள் தலைவலி என்போம். மற்றொரு நாள் ஆசிரியரைக் காணவேண்டும் என்போம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் காணிக்கைப் பை எம் வரிசைக்கு வந்தபொழுது, மூடிய வெறுங்கையை அதனுள் நுழைத்து, திறந்த கையாக வெளியே எடுத்தோம். பெப்ரவரி 14 சாம்பற்புதன். லெந்துக்காலம் தொடங்கியதும் எம் மறைப்புக்கு ஒரு புனிதப் போர்வை கிடைத்தது. "உண்ண வரவில்லையா?" என்று வினவியவரிடம், "நோன்பிருக்கின்றோம்" என்றோம். நண்பர் ஒருவர் எம் பக்தியை வியந்து மற்றவரிடம் பாராட்டினார். நோன்பிருப்பவன் அதனைப் பிறர் அறியக் காட்டலாகாது என்பது மறையின் கட்டளை. யாமோ இல்லாத நோன்பையே காட்டிப் புகழும் பெற்றோம். வறுமை எம்மைப் பொய்யராக்கவில்லை. வறுமையை மறைக்கும் நாணமே அவ்வாறு ஆக்கிற்று.

பெப்ரவரி 20 அன்று அரிசி முற்றும் தீர்ந்தது. அற்றைப் பகல் வகுப்பில் எம் ஆசிரியர் சிறுபாணாற்றுப்படையைப் பாடஞ் சொன்னார். நல்லூர் நத்தத்தனார் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடிய அந்நூல் 269 அடிகளையுடையது. பரிசில் பெறுமுன் பாணன் வீடிருந்த நிலையை அதிற் காண்கின்றோம். கூரை வீழ்ந்த அடுக்களை. கரையான் அரித்த சுவரிற் பூத்த காளான். அங்கே ஈன்று கிடக்கும் நாய். பாணன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புமின்றி வேகவைக்கின்றாள். அயலவர் காணின் இழிவென்று நாணி வாயிற்கதவை அடைத்துவிட்டே சுற்றத்துடன் அதனை உண்கின்றாள். மாணவர் அனைவரும் குறிப்பெழுதினர். எம் எழுதுகோல் நின்றுவிட்டது.

அன்றிரவு மாடியறையில் கதவைத் தாழிட்டு, முருங்கைக்கீரையை மட்டும் வேகவைத்தோம். பாணன் மனைவிக்கு உப்பில்லை. உப்பு வாருபவர் மகனாகிய எமக்கு உப்பு மூன்று படி. அஃதொன்றே வேறுபாடு, கதவு அடைத்தே இருந்தது. தேர்வுக் கட்டணம் 900 ரூபாய் செலுத்தற்குரிய இறுதி நாளான 26-க்கு ஆறு நாளே எஞ்சியிருந்தன. அதனைச் செலுத்தாவிடின் அப்பருவத் தேர்வை எழுத இயலாது. எவரிடமும் உரையாமல் ஊருக்குத் திரும்பித் தந்தையாருடன் கூலிக்குச் சென்றுவிடலாம் என்னும் எண்ணம் அவ்விரவு எம் உள்ளத்தில் உறுதியாக எழுந்தது.

அவ்வேளை யாரோ கதவைத் தட்டினர். கீழ்வீட்டில் ஆப்பம் சுட்டு விற்கும் ஆச்சி நின்றார். "தம்பி, ஒரு சிரங்கை உப்பு இருக்குமா? நாளைக்குத் தந்துவிடுகிறேன்" என்றார். ஒரு கிண்ணம் நிறைய அள்ளிக் கொடுத்தோம். பல நாளுக்குப் பின் ஒருவர்க்குக் கொடுத்த மகிழ்ச்சி எமக்கு. ஆச்சியின் பார்வை எம் தோளைக் கடந்து அடுப்பின்மேலிருந்த பாத்திரத்திற் படிந்து மீண்டது. அவர் ஒன்றும் கூறவில்லை.

மறுநாட் காலை மூன்று உழக்கு அரிசியுடன் மீண்டும் வந்தார். "உப்பு வாங்க மறந்துவிட்டேன், தம்பி. அதற்குப் பதிலாக இதை வைத்துக்கொள், எல்லாம் சமையல் சாமான்தானே" என்றார். ஆப்பம் சுட்டு விற்பவர் வீட்டில் உப்பில்லாமற் போகுமோ? யாம் வினவவில்லை. ஆனால் அதற்குமேல் மறைக்கவும் இயலவில்லை. "ஆச்சி, நான் நோன்பிருக்கவில்லை; அரிசியில்லை" என்றோம்.

"தெரியும். மாடியில் உலைமூடிச் சத்தம் கேட்டு எத்தனை நாளாகிறது! வாய்விட்டுக் கேட்டால் குறைந்தா போய்விடுவாய்? நேற்று நான் உன்னிடம் உப்புக் கேட்டேனே, நான் குறைந்தா போனேன்?" என்று கடிந்துகொண்டே படியிறங்கினார்.

இவ்வினாவுக்கு விடை காண யாம் நூல்களை நாடினோம். வள்ளுவர் நல்குரவைப் பாடியபின் இரவு என்றோர் அதிகாரமும், அடுத்து இரவச்சம் என்றோர் அதிகாரமும் வைத்தார். ஒன்றில் இரத்தற்கு இடந்தந்தவர் மற்றொன்றில் அதனை அஞ்சுகின்றார். இரத்தற்கும் இராமைக்கும் இடையே வேறு வழியில்லையோ என்று எண்ணுங்கால் குறியெதிர்ப்பை என்னும் சொல் நினைவுக்கு வந்தது. அளவு குறித்து வாங்கி, அவ்வளவே திருப்பித் தருவது அது. புறநானூற்றின் 163-ஆம் பாட்டில், குமணன்பால் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கி, யாவர்க்கும் வழங்குக என்கின்றார். பசிக்காலத்தில் அவ்வாறு அளந்து கொடுத்து உதவியோரை அங்கே அவர் மறக்கவில்லை. இன்று கைமாற்று என்பதும் ஏறக்குறைய இதுவே. வறியார்க்குக் கொடுப்பதே ஈகை. ஏனையவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன என்று வள்ளுவர் அதனை ஒருபடி தாழ்த்தியே கூறுவர். கொடுப்பவன் பக்கம் நின்று நோக்கின் அது பொருத்தமே. வாங்குபவன் பக்கம் நின்று நோக்கிய எமக்கோ, ஈகையினும் குறியெதிர்ப்பை சிலபோது இனிதென்று தோன்றுகின்றது. ஈகை பெற்றவன் தலை கவிழ்கின்றான். கைமாற்றுப் பெற்றவன் நாளை தருவோம் என்று நிமிர்ந்து நடக்கின்றான். எம்மிடம் உப்பைக் கேட்டு வாங்கியதனால் ஆச்சி அரிசியையும் கைமாற்றாக்கிவிட்டார். அவர் எழுதப்படிக்க அறியாதவர்.

அன்றே எம் பக்தியைப் பாராட்டிய நண்பரைத் தனியே அழைத்து உண்மையைக் கூறினோம். அவர் முதலிற் சினந்தார். "நோன்பென்று சொல்லி என்னையும் ஊராரிடம் பொய் சொல்ல வைத்தாயே!" என்றார். பின்னர்த் தேர்வுக் கட்டணத்திற்கு வேண்டிய 900 ரூபாயில் 600 ரூபாயைத் தாமும், 300 ரூபாயை மற்றொரு நண்பரிடம் பெற்றும் கொடுத்தார். அதனினும் வியப்பொன்று அறிந்தோம். எம் வகுப்பில் வெள்ளத்தால் நலிந்த ஊர்களிலிருந்து வந்த வேறிருவரும் எம்மைப் போலவே தேநீர்க் கடைக்கு வாராது தலைவலி கூறி வந்தனராம்! மூவரும் மூன்று கதவுகளை அடைத்துக்கொண்டு ஒரே பசியைத் தனித்தனியே காத்திருந்தோம். அன்று முதல் எம் அறையில் மூவரும் கூடிச் சமைத்தோம். ஒருவர் தேங்காய் கொணர்ந்தார், ஒருவர் பருப்புக் கொணர்ந்தார், உப்பு எம்முடையது. 27-ஆம் நாள் அளத்தில் சேறு அள்ளும் வேலை தொடங்கிற்றென்று தந்தையாரிடமிருந்து 1,500 ரூபாய் வந்தது.

அவ்வாண்டு மே திங்கள் விடுமுறையில் யாமும் அளத்திற்குச் சென்று உழைத்தோம். கண்ணைக் கூசவைக்கும் அவ்வெண்மையில் ஒரு பகல் நின்றபின்னரே, மாதந்தோறும் எமக்கு வந்த பணம் எத்தகையது என்பதை அறிந்தோம். "கையில் இருக்கிறது" என்று முன்னர்க் கூறியது பொய்யென்று தந்தையாரிடம் அங்கேயே ஒப்புக்கொண்டோம். அவர் பலகையை நிறுத்தி, "நானும்தான் அடுத்த வாரம் என்று சொன்னேன், ஐயா" என்றார். இருவரும் நகைத்தோம். சூன் மாதத்தில் நண்பர்களின் 900 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். ஆச்சிக்கு மூன்று உழக்கு அரிசியை அளந்து கொடுத்தபொழுது, அவர் அதனை மறுக்காமல் முந்தானையில் வாங்கிக்கொண்டார். உப்பை மட்டும் அவர் இன்றுவரை திருப்பித் தரவில்லை, யாமும் கேட்கவில்லை.

இதனைப் பயிலும் மாணவ நண்பர்களே! உங்களுள் எவரேனும் இன்று தலைவலி என்று கூறி ஒதுங்கியிருத்தல் கூடும். பசி வருதல் நம் குற்றமன்று. அதனைத் தாழிட்டுக் காத்தலே குற்றம். கதவைத் திறந்து வையுங்கள். பிறர் கதவு நெடுநாள் அடைத்திருக்கக் காணின், உங்கள் வீட்டில் உப்பு நிறைய இருப்பினும், ஒரு சிரங்கை உப்புக் கேட்டுச் சென்று தட்டுங்கள்.