திரும்பிப் பார்த்தவள்

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கம் வியாழக்கிழமை மாலை நாலரைக்குக் கூடும். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற வழியில், தேயிலைக்கு நடுவே இருக்கும் சின்ன சி.எஸ்.ஐ. கோயில். பதினைந்து பேர் வந்தால் நல்ல கூட்டம். பாதிப் பேர் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து ரிட்டயர் ஆனவர்கள். மீதிப் பேரில் ஸ்கூல் டீச்சர், நர்ஸ், டைலர், தேயிலை பேக்டரியில் வேலை பார்த்தவர்கள். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், ஒரு மணி நேரம் வேதபாடம், கடைசியில் பிளாஸ்க்கில் டீயும் வர்க்கியும்.

2022இல் ஆறு மாதம் நானும் போனேன். அம்மாதான் சங்கத்தின் செயலாளர். நான் பெங்களூரில் நாலு வருஷக் கல்யாணத்தை முடித்துக்கொண்டு லேப்டாப்போடு வீட்டுக்கு வந்திருந்தேன். வேலை எங்கிருந்து செய்தாலும் ஒன்றுதான் என்று கம்பெனி சொல்லியிருந்த காலம். 'பொண்ணு லீவுல வந்திருக்கா' என்று அம்மா மூன்று மாதம் ஓட்டினாள். அதற்கு மேல் அந்த வாக்கியம் தாங்கவில்லை. ஒரு வியாழக்கிழமை, 'சும்மா இருக்கறதுக்கு வந்து ஜெராக்ஸ் எடுத்துக் குடு' என்று கூட்டிப்போனாள்.

நான் பெரிய விசுவாசி இல்லை. ஆனால் ஜெராக்ஸ் எடுத்த தாளைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பருவத்துப் பாடம் 'குறைவுள்ள பெண்கள்'. சாராள், ராகேல், பத்சேபாள், மார்த்தாள், லோத்தின் மனைவி, சப்பீராள். ஒவ்வொரு வாரமும் ஒருத்தி. தாளில் நாலு கட்டம்: பெயர், குறை, விளைவு, நமக்கான பாடம். சாராள் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை என்று பொய் சொன்னாள். ராகேல் அப்பா வீட்டுச் சுரூபங்களைத் திருடி ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். முதல் இரண்டு வாரம் கட்டங்கள் அழகாக நிரம்பின. ராகேலுக்கு எல்லாருமே சிரித்தார்கள்.

மூன்றாவது வாரம் பத்சேபாள். 'குறை' கட்டத்தில் என்ன எழுதுவது என்று பாஸ்டரம்மா கேட்டதும், 'மொட்டமாடில குளிச்சது' என்று இரண்டு மூன்று குரல் ஒன்றாக வந்தது. ஞாயிறு பள்ளியிலிருந்து எனக்கும் அப்படித்தான் ஞாபகம். டீச்சர் அக்கா ஒருவர் வேதாகமத்தைத் திறந்து இரண்டாம் சாமுவேல் 11ஐ மெதுவாக வாசித்தார். மாடியில் இருந்தவன் தாவீது. அவள் எங்கே குளித்தாள் என்றே அங்கே இல்லை. அவள் தீட்டு கழித்த விஷயம் இருக்கிறது. ராஜா ஆள் அனுப்பினது இருக்கிறது. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து விரல் நீட்டுவது தாவீதைப் பார்த்து மட்டும். அவர் சொல்லும் கதையில் அவள் ஏழையின் ஆட்டுக்குட்டி.

பேக்டரியில் டீத்தூள் சலிக்கும் பிரிவில் இருபது வருஷம் நின்ற ஒரு அக்கா, தலை நிமிராமல் கேட்டார்: 'தொர ஆளனுப்புனா, போக மாட்டேன்னு சொல்ற மாதிரியா அப்ப இருந்துச்சு?'

யாரும் பதில் சொல்லவில்லை. எந்தத் துரை, எந்த எஸ்டேட் என்று யாரும் கேட்கவும் இல்லை. பாஸ்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது.

எங்கள் வேலையில் 'கிட்' என்று ஒரு மென்பொருள் உண்டு. யார் எந்த நாளில் எந்த வரியை மாற்றினார்கள் என்று கணக்கு வைத்திருக்கும். அதில் ஒரு கட்டளையின் பெயரே 'ப்ளேம்'. ஒரு வரியைக் காட்டி அதை இயக்கினால், கடைசியாகத் தொட்டவர் பெயரைச் சொல்லும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அந்தப் பெயரைக் குற்றவாளி என்று எடுத்துக்கொள்வார்கள். அனுபவப்பட்டவர்கள் அதோடு நிற்காமல் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். கடைசியாகத் தொட்டவர் சும்மா ஒரு இடைவெளியைச் சரிசெய்திருப்பார். வம்பு நாலு வருஷம் முன்பே உள்ளே வந்திருக்கும்.

வேதாகமப் பெண்கள் மேல் ஒட்டியிருக்கும் வரிகளுக்கும் இந்தக் கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம். மகதலேனா மரியாள் ஒரு விலைமகள் என்று உலகமே நம்பியது. சுவிசேஷங்களில் அப்படி ஒரு வரி கிடையாது. ஏழு பேய்கள் நீங்கியவள், சிலுவையடியில் நின்றவள், காலியான கல்லறையைக் கண்டவள் என்றுதான் இருக்கிறது. 591வாக்கில் போப் கிரிகோரி ஒரு பிரசங்கத்தில் அவளையும், லூக்கா சொல்லும் பெயரில்லாத பாவியான பெண்ணையும், பெத்தானியா மரியாளையும் ஒரே ஆளாக்கினார். கத்தோலிக்கத் திருச்சபை தன் நாள்காட்டியில் அந்தக் குழப்பத்தைப் பிரித்தெடுத்தது 1969இல். கிட்டத்தட்ட 1,400 வருஷம். எங்கள் தாளில் அந்த 'குறை' என்ற கட்டத்தை யார் போட்டார்கள் என்று நான் தேடிப் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தக் கட்டத்தை மட்டும் சந்தேகத்தோடு பார்த்தேன்.

ஐந்தாவது வாரம் லோத்தின் மனைவி. அவளுக்கு முதல் கட்டத்திலேயே சிக்கல். ஆதியாகமம் 19இல் அவளுக்குப் பெயர் கிடையாது. சோதோம் எரிகிறது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை, பார்த்தாள், உப்புத்தூண் ஆனாள். லூக்கா 17இல் இயேசு அவளை எச்சரிக்கையாக நினைவூட்டுகிறார். பாடத் தாளில் பதில் தயாராக அச்சாகியிருந்தது: பழைய வாழ்க்கையின் மேல் ஆசை. நமக்கான பாடம்: கடந்ததைத் திரும்பிப் பார்க்காதே.

அந்த வரியை நான் அந்த வருஷம் நிறையக் கேட்டிருந்தேன். சொந்தக்காரர்கள் 'மறந்துரு' என்றார்கள். ஆபீஸ் தோழிகள் 'மூவ் ஆன்' என்றார்கள். எல்லாரும் ஒரே பிரசங்கம்தான். தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் இருக்க ரொம்ப முயற்சி செய்தாள்.

அப்போதுதான் சிலோன் பாட்டி பேசினார். எண்பத்தைந்து தாண்டியவர். சங்கத்தில் பாட்டுப் பாடுவதோடு சரி, வாய் திறந்து நான் கேட்டதில்லை.

'நானுந்தான் திரும்பிப் பாத்தேன்.'

அவர் ஹட்டன் பக்கத்து எஸ்டேட் லயத்தில் பிறந்தவர். 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடில்லாதவர்களாக ஆக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் ஒருவர். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த எண்களை நான் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். பாட்டிக்குத் தெரிந்த கணக்கு வேறு. 'எங்களுக்கு இந்தியா விழுந்துச்சு. மூத்தவள அங்கயே கட்டிக் குடுத்திருந்தேன். அவ புருஷன் வீட்டுக்குச் சிலோன் விழுந்துச்சு.'

1977இல் கிளம்பினார்கள். மலையிலிருந்து தலைமன்னார் போகும் அந்த ரயிலுக்கு மலையகத்தில் அழுகைக் கோச்சி என்றே பெயர். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி. தாயகம் திரும்பியவர்களுக்கென்று 1968இல் அரசு ஆரம்பித்த தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆனது. அதில் பாட்டிக்கு வேலை. அரசுக் காகிதத்தில் அவருக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அதற்கு முன் அவர் இந்த ஊரைப் பார்த்ததே கிடையாது.

'கோச்சி வளையற எடம் வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன். மக நின்னுக்கிட்டே இருந்தா. கைப்புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு. அது பழைய வாழ்க்க மேல ஆசையா, பாஸ்டரம்மா? அங்க லயத்துல என்ன இருந்துச்சு ஆசப்பட? மக நின்னா, பாத்தேன்.'

மகளைப் பிறகு பார்த்தாரா என்று யாரோ கேட்டார்கள். பாட்டி இல்லை என்று தலையாட்டினார். 'கடுதாசி வரும். சண்டை வந்தப்புறம் அதுவும் நின்னுருச்சு.'

பாஸ்டரம்மா நல்லவர். பதில் சொல்லிச் சமாளிக்கவில்லை. எழுந்துபோய்ப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். டீச்சர் அக்கா மட்டும் அதே அதிகாரத்தைத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். ஊரை விட்டுப் போகத் தாமதித்தவன் லோத்து என்று அங்கே இருக்கிறது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. மலைக்குப் போக மாட்டேன், அந்தச் சின்ன ஊருக்குப் போகிறேன் என்று பேரம் பேசினவனும் அவன். முந்தின ராத்திரி வாசலில் நின்ற கும்பலுக்குத் தன் இரண்டு பெண்களைத் தருகிறேன் என்று சொன்னவனும் அவன்தான். பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் அவனுக்கு நீதிமான் என்று பெயர். அவள் ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பினாள். 'இவருக்கும் ஒரு தாள் போடணும்' என்றார் டீச்சர் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

ராத்திரி எனக்குத் தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருந்தேன். யூதர்களின் பழைய நூல் ஒன்று, 'பிர்கே த ரப்பி எலியேசர்', கி.பி. 8ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. அதில் லோத்தின் மனைவிக்குப் பெயர் இருக்கிறது: இதித். அவள் ஏன் திரும்பினாள் என்றும் இருக்கிறது. கட்டிக்கொடுத்த பெண்கள் சோதோமில் இருந்தார்கள். அவர்கள் பின்னால் வருகிறார்களா என்று பார்த்தாள்.

ஹட்டனில் ரயில் ஏறிய பாட்டிக்கு அந்த நூலைத் தெரிந்திருக்க வழியே இல்லை. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் யாரோ ஒருவர் யோசித்து எழுதிய அதே காரணத்தை, தன் சொந்தக் கழுத்து வலியிலிருந்து எடுத்துச் சொன்னார்.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

'அந்தப் பொண்ணுங்க வந்தாங்களா?'

'வரலைம்மா.'

கொஞ்ச நேரம் நறுக்கினாள். 'உன்னக் கட்டிக் குடுத்தப்ப சின்னம்மா சொன்னா. குடுத்தாச்சு, இனி அந்தப் பக்கம் திரும்பிப் பாக்காத, அவ வாழ்ந்துக்குவான்னு. நாலு வருசமும் நான் அந்தப் பக்கந்தான் பாத்துட்டு இருந்தேன். போன்ல நீ நல்லா இருக்கேன்னு சொல்லுவ. கொரலப் பாத்தா அப்படி இருக்காது.' கத்தியைக் கீழே வைத்தாள். 'நீ வந்துட்ட.'

வந்தது பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

அடுத்த வியாழக்கிழமை சப்பீராள். பாடத்துக்கு முன் வழக்கம்போலச் செயலாளர் போன வார அறிக்கை வாசிக்க வேண்டும். அம்மா எழுந்து நின்று மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தாள். வருகை பதினான்கு. காணிக்கை இருநூற்றுப் பத்து ரூபாய். ஆரம்ப ஜெபம் இன்னார். பிறகு, 'பாடம், லோத்தின் மனைவி. முடியவில்லை. இந்த வாரமும் தொடரும்.'

பாஸ்டரம்மா சப்பீராள் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். சிலோன் பாட்டி வேதாகமத்தை டீச்சர் அக்காவிடம் நீட்டினார். 'எனக்குக் கண்ணு தெரியல தாயி, நீயே வாசி.'