மல்லாகத்துச் சனிக்கிழமைகள்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிப் பிரயாணஞ் செய்வது என்றும் எனக்கு உவப்பான காரியம். கொக்குவிலையும் இணுவிலையும் கடந்து மருதனார்மடத்தை அடைந்தால், விடியற்காலையிலேயே கத்தரியும் மிளகாயும் வெங்காயமும் சந்தையில் மலைபோற் குவிந்து கிடக்கும். சுன்னாகத்தில் வீதியின் இருமருங்கும் கடைகள். பின்னர் மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். மாவைக் கந்தனுக்குக் கைகூப்பிவிட்டுச் சற்றுத் தூரஞ் சென்றால் உப்புக்காற்று முகத்திலே படும். செம்பாட்டு மண்ணும் பனைகளும் வழிநெடுகத் துணைவரும்.

இவ்வீதியாற் சென்றுவந்த எத்தனையோ பேருள், மல்லாகத்தில் இறங்கி ஒழுங்கைகளுக்குள்ளே திரும்பியவர் மிகச் சிலரே. யானும் அறுபது வயதுவரை அங்ஙனம் திரும்பாதவனே. அவ்வொழுங்கைகளின் முடிவில், தனியார் காணிகளிலே, தகரத்தாலும் கிடுகாலும் வேய்ந்த கொட்டில்கள் நெருங்கி நின்றன. நலன்புரி நிலையங்கள் என்பது அவற்றின் உத்தியோகப் பெயர். மக்கள் வாயில் 'காம்ப்' என்பதே வழக்கம். கோணாப்புலம் அவற்றுள் ஒன்று.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் யுத்தம் மீண்டும் மூண்டபோது மயிலிட்டி, பலாலி, காங்கேசன்துறை முதலிய வலிகாமம் வடக்கின் ஊர்களை விட்டு மக்கள் வெளியேறினர். இரண்டொரு வாரத்திலே திரும்பிவிடலாம் என்று எண்ணிக் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு வந்தவர்களே அநேகர். அவ்வூர்கள் உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்டன. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் கொட்டில்கள் கலையவில்லை.

அக்காலத்தில் யான் வலிகாமத்துத் தபாற்கந்தோர் ஒன்றிலே கடமையாற்றினேன். மயிலிட்டி முகவரி இட்டு வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே அனுப்புவது என்று தெரியாது விழித்த நாள்கள் உண்டு. ஊர்ப்பெயரும் இலக்கமும் திருத்தமாகவே இருக்கும். ஆனால் அவ்வூரில் ஆளில்லை. விதானையாரைக் கேட்கலாமென்றால் அவரும் இடம்பெயர்ந்தவர். இடம்பெயர்வின் சுவையை யானும் சிறிது அறிவேன். 1995 ஐப்பசி 30 ஆந் தேதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, குடும்பத்துடன் சாவகச்சேரிப் பக்கத்துப் பாடசாலையொன்றின் வகுப்பறையிலே ஆறு மாதங் கழித்தவன். அந்த ஆறு மாதக் கதையை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லி முடிந்தபாடில்லை.

நிற்க. 2013 இல் தபாலதிபராக ஓய்வுபெற்று, காலைப் பத்திரிகையை விளம்பரம் உட்பட வாசித்துக்கொண்டிருந்த என்னை அந்த ஒழுங்கைக்குள் திருப்பியவர் ஒரு தையல் ஆசிரியை. அவரும் ஓய்வுபெற்றவர்தாம். சனிக்கிழமைதோறும் அங்கே சென்று பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கிவந்தார். "அண்ணை, முப்பத்தைஞ்சு வருஷம் படிவத்தோடை கிடந்தனீங்கள். அந்தப் பிள்ளையளுக்கு ஒரு படிவம் நிரப்பக் காட்டிக் குடுங்கோவன்" என்றார். மறுக்க வழியிருக்கவில்லை.

2014 தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, துவிச்சக்கர வண்டியிற் சென்று இறங்கினேன். நடுவிலே பொதுக்கொட்டில் ஒன்று. இரண்டு வாங்கு, ஒரு கரும்பலகை. பதினாறுக்கும் இருபத்திரண்டுக்கும் இடைப்பட்ட வயதினர் பதினேழு பேர் வந்திருந்தனர். அவர்களுள் எவரும் தம் சொந்த ஊரைக் கண்டவரல்லர். ஆண்பிள்ளைகளிற் சிலர் தோட்டக் கூலிக்கும் மேசன் வேலைக்கும் போவோர். சிலர் வடமராட்சிக் கரையில், பொலிகண்டியிலும் வல்வெட்டித்துறையிலும், பிறருடைய வள்ளங்களிற் கூலிக்குத் தொழில் செய்வோர். வடபகுதியின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளுள் ஒன்றான மயிலிட்டியின் பேரப்பிள்ளைகள் பிறர் வலையை இழுத்தனர். பெண்பிள்ளைகளிற் சிலர் சுன்னாகத்துக் கடைகளிலே வேலைக்கு நின்றனர்.

அவர்கள் என்னை 'மாஸ்ரர்' என்றழைத்தார்கள். 'போஸ்ற்மாஸ்ரர்' என்பதன் பின்பாதி எனக்கு உரியதுதான் என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

வங்கிக் கணக்கு, விண்ணப்பக் கடிதம், மின்சாரப் பட்டியல் வாசிக்கும் முறை என்று ஒரு திட்டம் எழுதிச் சென்றிருந்தேன். அது இரண்டாங் கிழமையே குலைந்தது. ஒரு பையன், "மாஸ்ரர், அம்மா இருபதினாயிரம் கடன் வாங்கினவா. மாதம் ஆயிரம் கட்டுறம். எப்ப முடியும்?" என்று கேட்டான். நூற்றுக்கு ஐந்து வட்டி. கரும்பலகையிற் கணக்கைப் போட்டோம். மாதம் 1,000 ரூபா வட்டிக்கே சரியாகிவிடுகிறது. வருடத்தில் 12,000 கட்டியும் முதல் 20,000 அப்படியே நிற்கிறது. இரண்டாம் வருட முடிவிற் கட்டியது 24,000. முதல் அதே இருபதினாயிரம். கொட்டிலிற் சத்தமில்லை. பின்பு ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கடனைச் சொல்லத் தொடங்கினர். அன்று பிற்பகல் ஒரு மணிவரை கணக்கே நடந்தது. அடுத்த கிழமை மூன்று தாய்மாரும் வந்து வாங்கின் ஓரத்தில் அமர்ந்தனர். முதலில் ஐந்நூறாவது சேர்த்துக் கட்டினால் முதல் எவ்வளவு குறையும் என்பதை அறியவே வந்தார்கள். முப்பத்தைந்து வருடச் சேவையில் என்னிடம் எவரும் இத்துணை ஆவலோடு எதையும் கேட்டதில்லை.

அவர்களுக்கு இன்னொரு குறையும் இருந்தது. கந்தோருக்குப் போனால் வாய் திறவாது. கொட்டிலில் உரத்துச் சிரிக்கும் பிள்ளை, உத்தியோகத்தர் முன்னிலையில் தோளைக் குறுக்கிக்கொண்டு நிலத்தைப் பார்க்கும். நிவாரணத்துக்கும் பதிவுக்கும் தாய் தகப்பன் கைகட்டி நின்றதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். ஆகையால் ஒரு நாடகம் ஏற்பாடு செய்தேன். மேசைக்குப் பின்னால் ஒருவர் உத்தியோகத்தர். முன்னால் ஒருவர் விண்ணப்பகாரர். தையல் பழகும் பெண்ணொருத்தி உத்தியோகத்தராக வந்தாள். வயது பதினெட்டு இருக்கும். மூக்குக்கண்ணாடியை என்னிடமிருந்து பறித்து அணிந்துகொண்டு, தலையை நிமிர்த்தாமலே, "அவர் லீவு. நாளைக்கு வாங்கோ" என்றாளே பார்க்கலாம்! கொட்டில் அதிர்ந்தது. எனக்கு மட்டும் சிறிது சுட்டது. அந்தக் குரலில் யானும் எத்தனையோ பேருக்கு அவ்வாறு கூறியிருக்கிறேன்.

அவள் விடவில்லை. எதிரே நின்ற பையனிடம், "பேர்? தகப்பன் பேர்? நிரந்தர முகவரி?" என்று அடுக்கினாள். பையன் முதலிரண்டுக்கும் விடை கூறினான். மூன்றாவதில் நின்றுவிட்டான்.

அன்று எல்லோருக்கும் மாதிரிப் படிவமொன்றை நிரப்பக் கொடுத்தேன். பதினாறு பேர் மயிலிட்டி, பலாலி என்று பெற்றோர் சொல்லக் கேட்டதை எழுதினர். அந்தப் பெண்மட்டும் நிரந்தர முகவரி என்ற இடத்தில் 'கோணாப்புலம், மல்லாகம்' என்று எழுதியிருந்தாள். தபாற்கந்தோர்ப் பழக்கம், சிவப்பு மைப் பேனையை எடுத்து அதை வெட்டி, மேலே 'மயிலிட்டி' என்று எழுதினேன்.

அவள் தாளைப் பார்த்தாள். "மாஸ்ரர், நான் பிறந்தது இஞ்சை. அம்மா கலியாணம் முடிச்சதும் இஞ்சை. மயிலிட்டியை நான் ஒருக்காலும் காணேல்லை. காணாத இடத்தை நிரந்தரமெண்டு எப்பிடி எழுதுறது?"

மயிலிட்டி என்று எழுதாவிட்டால் நாளை காணி விடுபடும்போது உரிமை கேட்பது கடினமாகும் என்று விளக்கினேன். அவள் தலையசைத்தாள். அந்த நியாயத்திற் பிழையில்லை என்றே இன்றும் எண்ணுகின்றேன். சிவப்பு மையை எடுத்ததுதான் பிழை.

2015 தையிற் காங்கேசன்துறைவரை புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை எல்லோரையும் மல்லாகம் நிலையத்தில் ஏற்றிச் சென்றேன். நேர அட்டவணை வாசிக்கப் பழக்குதல் என்பது சாக்கு. முன்பின் புகையிரதத்தில் ஏறியிராத பிள்ளைகள் யன்னலோரத்துக்கு அடிபட்டனர். பாதை முடியுமிடத்தில் இறங்கினோம். கடல் வாசம் வந்தது. மயிலிட்டி அங்கிருந்து கிழக்கே, கூப்பிடு தூரத்துக்குச் சிறிது அப்பால். இடையில் முள்ளுக்கம்பி வேலி. அடுத்த புகையிரதத்தில் திரும்பிவந்தோம். வரும்போது யன்னலுக்கு ஒருவரும் அடிபடவில்லை.

அவ்வேலியின் ஒரு பகுதி 2017 ஆடி மாதத் தொடக்கத்தில் அகன்றது. மயிலிட்டித் துறையும் அதனையண்டிய நிலமும் இருபத்தேழு ஆண்டுகளின் பின் விடுவிக்கப்பட்டன. வலிகாமம் வடக்கிற் சில காணிகள் இன்னும் இராணுவத்தின் வசமே உள்ளன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடன் கணக்குக் கேட்ட பையன் ஓடிவந்து என்னையும் அழைத்தான். அவனும் அவனுடைய அப்பாச்சியும் நானும் ஓர் ஓட்டோவிற் சென்றோம்.

அப்பாச்சி சொல்லச் சொல்ல, பையன் ஒரு பழைய கலண்டர்த் தாளின் பின்புறத்தில் ஊரின் படத்தைக் கீறி வைத்திருந்தான். திசைகளும் ஒழுங்கைகளும் கோயிலும் தேவாலயமும் மீன்வாடியும், எவர் வீட்டுக்கு அடுத்தது எவர் வீடு என்பதும் அதில் இருந்தன. திசை குறிக்கக் கற்பித்தவன் நான். சற்றுப் பெருமையோடுதான் போனேன். ஆனால் அந்தப் படம் பயன்படவில்லை. வீடுகள் பல தரைமட்டமாயிருந்தன. நின்ற சுவர்களுக்குக் கூரையில்லை, கதவில்லை, நிலையுமில்லை. ஒழுங்கைகளைப் பற்றைக்காடு மூடியிருந்தது. கோயிலடியை வைத்து வலமா இடமா என்று பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்பாச்சி தாளைப் பாராமலே பற்றையை விலக்கிக்கொண்டு நடந்தார். ஓரிடத்தில் நின்று, இடிந்த கிணற்றுக்கட்டைத் தடவினார். கயிறு உராய்ந்து உராய்ந்து தேய்ந்த தடமொன்று சீமெந்தில் இருந்தது. "இது என்ரை கை இழுத்தது" என்றார். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்தார். பூட்டு இருந்த கதவோ, கதவு இருந்த சுவரோ இல்லை. மீண்டும் செருகிக்கொண்டார்.

பையன் கரைக்குப் போயிருந்தான். சோளகம் வீசுங் காலமாகையால் வடகடல் குளம்போற் கிடந்தது. அவன் அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவனோ சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். பற்றை வெட்டக் கூலி, கிணறு இறைக்க, தகரம், ஒரு சிறு வள்ளம், வலை. எதிரே தன் மாத உழைப்பு. "மாஸ்ரர், கடன் எடுக்காமல் வந்தால் மூண்டு வருஷம். எடுத்தால் உடனை வரலாம். ஆனால் எடுக்கமாட்டன்" என்றான். சொன்னபடியே செய்தான், மூன்று வருடத்துக்கு நான்கு வருடமாயிற்று. இன்று அவனுக்குச் சொந்த வள்ளம் உண்டு. துறையைத் திருத்திப் பெரிதாக்கியிருக்கிறார்கள்; எல்லைதாண்டிப் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் அங்கே கட்டிவைக்கப்பட்டுத் துருவேறிக் கிடந்ததையும் கண்டேன். அப்பாச்சி புதுவீட்டில் ஒரு வருடம் இருந்து காலமானார்.

அந்தப் பெண் போகவில்லை. தகப்பனாருக்குக் காணி கிடைத்தது. பெற்றோர் மயிலிட்டிக்குத் திரும்பினர். அவள் மல்லாகத்திலே ஒரு சிறு கடையை வாடகைக்கு எடுத்துத் தையல் இயந்திரம் இரண்டு போட்டாள். ஊரை மறந்துவிட்டாள் என்று உறவினர் குறைகூறினர். யானும் மனத்துக்குள் சிறிது குறைப்பட்டுக்கொண்டேன் என்பதை ஒளிப்பானேன்? பெற்றோரின் துயரத்தைப் பிள்ளைகளும் அதே அளவில் துயரப்பட வேண்டுமென்று நாம் எதிர்பார்க்கிறோம் போலும்.

சென்ற மாதம் இரண்டு சேர்ட் தைக்கக் கொடுத்திருந்தேன். எடுக்கப் போன அன்று அவள் அச்சடித்த பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் எழுதி, தாளைக் கிழித்து நீட்டினாள். மேலே கடையின் பெயர். அதன் கீழே 'மல்லாகம்'. நான் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டே, மேசையிற் கிடந்த சிவப்புப் பேனையை என் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

"பிழையிருந்தால் வெட்டுங்கோ, மாஸ்ரர்."

காசை எண்ணிக் கொடுத்தேன். பேனையை அவளிடமே திருப்பித் தள்ளிவிட்டு, சேர்ட்டின் கழுத்துப் பட்டி சிறிது இறுக்கமாயிருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.