வலி போனால் போதுமா?

வலிக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அது இருக்கும்வரையில் வைத்தியரைத் தேடி ஓடுகிறோம். மறைந்ததும் வைத்தியரையே மறந்து விடுகிறோம். விளையாடும் பிள்ளைகளுக்கு நேரும் சுளுக்கு விஷயத்தில் இந்த மறதி மிகவும் பொல்லாதது.

என் தமையனாரின் புதல்வி கல்லூரியில் கபடி ஆடுகிறவள். சென்ற ஆண்டு, பாடிச் சென்று திரும்புகையில் அவளுடைய இடது பாதம் உட்புறமாக மடங்கிவிட்டது. சற்று நேரத்தில் கணுக்கால் வீங்கிப் போயிற்று. வீட்டில் அபிப்பிராயங்களுக்குப் பஞ்சமில்லை. நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிட வேண்டும் என்றாள் பாட்டி. மூன்று வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் எதிர் வீட்டுக்காரர். அவளால் நான்கு அடிகூட நடக்க முடியவில்லை. அப்படியானால் எக்ஸ்ரே அவசியம் என்பது 1992-ஆம் ஆண்டில் கனடா தேசத்து ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதி. எடுத்துப் பார்த்ததில் எலும்பு முறியவில்லை. கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்புகளைப் பிணைக்கும் நார் சிறிது கிழிந்திருந்தது.

பத்தாம் நாள் வலி நின்றது. அடுத்த வாரம் பந்தயம். "இனி ஆடலாம் அல்லவா, சித்தப்பா?" என்று கேட்டாள். பிசியோதெரபி செய்யும் அம்மாளிடம் அழைத்துச் சென்றேன். அவர் அவளைக் கண்களை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். வலது காலில் சிலைபோல் நின்றாள். இடது காலில் நின்றதும் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் விளக்கினார்: "அந்த நார் வெறும் கயிறு அன்று. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு முனைகளும் அதில் உண்டு. செய்தி பிந்தினால் தசைகள் சமயத்தில் இறுகிக் காப்பதில்லை. ஒரு முறை சுளுக்கிய கால் மறுபடியும் சுளுக்குவதற்கு இது முக்கியமான காரணம்."

இதற்கு மருந்து எண்ணெயும் அன்று, படுக்கையும் அன்று, படிப்படியான அப்பியாசமே. ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-இல் பிரபலப்படுத்திய அமெரிக்க வைத்தியர் கேப் மிர்கினே, முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பிற்காலத்தில் எழுதினார்.

பந்தயத்தன்று குழந்தை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து கண்ணீர் விட்டாள். அவள் அணி தோற்றது. மறுநாள் முதல் குதிகாலை உயர்த்தி நிற்றல், ஒற்றைக் காலில் நிற்றல், பிறகு குதித்தல், கடைசியில் ஓடித் திரும்புதல் என்று இரண்டு மாதம் பயின்றாள். கைதட்ட ஒருவரும் இல்லாத பயிற்சி அது.

நீரஜ் சோப்ராவுக்கு 2019-இல் முழங்கையில் சத்திர சிகிச்சை நடந்தது. அவ்வாண்டு உலகப் போட்டியில் அவர் கலந்துகொள்ளவில்லை. 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் 87.86 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் தகுதி பெற்றார். 2021-இல் டோக்கியோவில் அவர் தங்கம் வென்றபோது தேசமே ஆரவாரித்தது. அந்தத் தங்கத்தின் ஒரு பங்கு, அவர் எறியாமல் காத்திருந்த மாதங்களுக்கு உரியது. நம் பிள்ளைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். காத்திருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள பெரியவர்களே.